நிலா எப்போ வரும், எப்போ போகும்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடியில் ஒரு சின்ன டெலஸ்கோப் வைத்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டால் போதும், தெருவில் யாரும் கருந்துளையைப் பற்றியோ செவ்வாயைப் பற்றியோ கேட்பதில்லை. எல்லாம் நிலாதான். சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்கள், ரம்ஜான் பிறைக்காக மாடியில் நிற்பவர்கள், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லைக்கு யானைக் காவல் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஆள்தான் மாறுகிறதே தவிர கேள்வி மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

நிலாவைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது "அந்த நேரத்தில் சூரியன் எங்கே?" என்பதுதான். அது தெரிந்தால் கீழே உள்ளதில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

"நேத்து ஏழு மணிக்கே வந்துச்சு, இன்னைக்கு எட்டு ஆகப் போகுது, இன்னும் காணோம். நிலாவுக்கு ஒரு நேரமே கிடையாதா சார்?"

உண்டு, ஆனால் அது நம் கடிகாரத்தோடு ஒத்துப்போகாது. பூமி ஒரு முறை சுற்றி வருவதற்குள் நிலா தன் பாதையில் சுமார் 13 டிகிரி கிழக்கே நகர்ந்துவிடுகிறது. அதை எட்டிப் பிடிக்க பூமி இன்னும் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறது, அந்தக் கொஞ்சம்தான் சராசரியாக 50 நிமிடம். எல்லா நாளும் சரியாக 50 என்று இல்லை, நம் பக்கம் சில நாள் 40 நிமிடம்தான் தள்ளும், சில நாள் ஒரு மணி நேரம் தள்ளும்.

இந்த நகர்வைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிலாவை ஒட்டி பளிச்சென்று ஒரு நட்சத்திரம் இருக்கும் ராத்திரியில் இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள், நிலா தன் அகலம் அளவுக்குக் கிழக்கே தள்ளியிருக்கும். மேற்கே போய்க்கொண்டிருக்கிற நிலா எப்படிக் கிழக்கே நகரும் என்று உடனே கேட்பார்கள். பூமி சுற்றுவதால் மொத்த வானமும் மேற்கே போகிறது, அந்த ஓட்டத்துக்குள்ளேயே நிலா மட்டும் மெதுவாகப் பின்தங்குகிறது, அவ்வளவுதான்.

"பிறை வளர்றதும் தேயறதும் பூமியோட நிழல் விழறதாலதானே?"

இல்லை. படித்தவர்கள், படிக்காதவர்கள் என்று வித்தியாசமில்லாமல் எல்லோரும் சொல்லும் தவறு இது. பூமியின் நிழல் நிலாமேல் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டும்தான். மற்றபடி நிலாவின் ஒரு பாதி எப்போதும் வெயிலில்தான் இருக்கிறது, அந்த வெயில் பட்ட பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் பிறை.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு எலுமிச்சம்பழம் போதும். (கிருஷ்ணகிரிக்காரர்கள் கைக்கு வந்த மாங்காயை எடுக்க வேண்டாம், உருண்டையாக இருக்க வேண்டும்.) பௌர்ணமி கழித்து ஐந்தாறு நாள் ஆன பிறகு காலை எட்டு மணி வாக்கில் வெயில் படும் இடத்தில் நில்லுங்கள். மேற்கு வானத்தில் வெளிறிப்போய் நிலா நிற்கும். கையை நீட்டி, எலுமிச்சம்பழத்தை அந்த நிலாவுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி பிடியுங்கள். பழத்தின்மேல் வெயில் விழுந்த பாகம் எந்த வடிவமோ, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அச்சு அசலாக அதே வடிவம், அதே சாய்வு நிலாவிலும் இருக்கும். இரண்டின்மேலும் விழுவது ஒரே வெயில். பழத்தின் இருண்ட பக்கத்தில் பூமியின் நிழல் எதுவும் இல்லை, வெயில் படாத முதுகு அது. நிலாவிலும் அப்படியே.

"பட்டப்பகல்ல நிலா தெரியுதுண்ணா, ஏதாவது கெட்ட சகுனமா?"

சகுனமும் இல்லை, அதிசயமும் இல்லை. நிலா வானத்தில் இருக்கும் நேரத்தில் பாதிக்குப் பாதி பகலில்தான் கழிகிறது, நாம்தான் ராத்திரியில் மட்டும் தேடுகிறோம். வளர்பிறையில் மதியத்துக்கு மேல் கிழக்கே பாருங்கள், தேய்பிறையில் காலையில் மேற்கே பாருங்கள்.

"எந்தப் பிறை எத்தனை மணிக்கு உதிக்கும்னு ஞாபகம் வெச்சுக்க சுலபமா வழி இருக்கா?"

நான்கு நாளை மட்டும் மனதில் வைத்தால் போதும். அமாவாசை நிலா சூரியனோடு உதித்து சூரியனோடு மறையும், அதாவது காலை ஆறுக்கு வந்து மாலை ஆறுக்குப் போகும். வளர்பிறை அஷ்டமி அரைநிலா உச்சிவேளையில் உதித்து நடுராத்திரியில் மறையும். பௌர்ணமி மாலை ஆறு வாக்கில் உதித்து விடியும்போது மறையும். தேய்பிறை அஷ்டமி நடுராத்திரியில் உதித்து உச்சிவேளையில் மறையும்.

இடையில் உள்ள நாளுக்கெல்லாம், நாளொன்றுக்கு 50 நிமிடம் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். அரை மணி முன்பின் இருக்கும், கொல்லைக்குப் போய்வர அந்தக் கணக்கு தாராளம்.

"பார்த்த உடனே வளர்பிறையா தேய்பிறையான்னு எப்படிச் சொல்றது?"

பொழுது சாயும்போது நிலா ஏற்கெனவே வானத்தில் இருந்தால் வளர்பிறை. ராத்திரி காத்திருந்துதான் பார்க்க வேண்டியிருந்தால், அல்லது விடிகாலையில் எழுந்து பார்த்தால் இருக்கிறது என்றால், தேய்பிறை. வெளிச்சமான பக்கம் எப்போதும் சூரியன் இருக்கும் திசையைத்தான் பார்த்திருக்கும்.

எந்த ஆங்கில எழுத்து மாதிரி வளைந்திருக்கிறது என்பதை வைத்துச் சொல்லும் சூத்திரம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது ஐரோப்பா மாதிரி வடக்கே தள்ளியிருக்கும் நாடுகளுக்குச் செய்தது. நம் ஊரில் பிறை பாதி நாள் படுத்துத்தான் கிடக்கும், எந்த எழுத்து மாதிரியும் தெரியாது.

"அமாவாசை அன்னைக்கு நிலா எங்கதான் போகுது?"

எங்கும் போகவில்லை, பகல் முழுக்க சூரியனுக்குப் பக்கத்திலேயே நம் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. வெயில் பட்ட பக்கம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, போதாததற்கு சூரியனின் கூச்சம் வேறு. தேடிப் பார்க்கிறேன் என்று சூரியன் பக்கம் கண்ணைக் கொண்டுபோகாதீர்கள்.

"அமாவாசை முடிஞ்சா மறுநாளே பிறை தெரியணுமே, ஏன் மூணாம் பிறைன்னு சொல்றாங்க?"

நிலா சூரியனை விட்டுப் போதுமான தூரம் விலகியிருக்க வேண்டும், சூரியன் மறைந்து வானம் இருட்டும் வரைக்கும் அது கீழே போய்விடாமலும் இருக்க வேண்டும். அமாவாசை முடிந்து 15 மணி நேரத்துக்குள் இருக்கும் பிறையை வெறும் கண்ணால் பார்ப்பது மிக மிக அரிது, சாதாரணமாக 20, 24 மணி நேரமாவது ஆக வேண்டும். அமாவாசை ராத்திரி பத்து மணிக்கு முடிந்திருந்தால் மறுநாள் மாலை ஆறரைக்கு வயது 20 மணி நேரம், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால் ஒருவேளை கிடைக்கும். அதே அமாவாசை காலை எட்டு மணிக்கே முடிந்திருந்தால் மறுநாள் மாலை 34 மணி நேரம் ஆகியிருக்கும், யாருக்கும் தெரியும். ஆக எல்லா மாசமும் ஒரே மாதிரி இருக்காது. மூன்றாம் நாள் என்றால் சந்தேகமே இல்லாமல் தெரியும் என்பதால் அந்தப் பெயர் நின்றுவிட்டது.

நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். மூன்றாம் பிறையைவிட நாலாம் பிறை கொஞ்சம் தடிமன், கொஞ்சம் உயரம், மறைய இன்னும் முக்கால் மணி நேரம் அதிகம், வானம் சொல்கிற வித்தியாசம் அவ்வளவுதான்.

"சவூதியில நேத்தே பிறை பார்த்துட்டாங்க, நமக்கு மட்டும் ஏன் ஒரு நாள் தள்ளுது? அங்க வேற நிலாவா பாய்?"

ஓசூரிலிருந்து ஒருவர் கேட்டது, ஆனால் வருடா வருடம் யாராவது கேட்பார்கள். ஒரே நிலாதான். மக்காவில் சூரியன் மறைவது நமக்கு மறைந்து சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து. அந்த இரண்டரை மணி நேரத்தில் பிறைக்கு வயது கூடுகிறது, சூரியனிடமிருந்து இன்னும் ஒரு டிகிரிக்கு மேல் விலகிவிடுகிறது. இங்கே 17 மணி நேரப் பிறையாகக் கண்ணுக்குச் சிக்காமல் போனது அங்கே 19, 20 மணி நேரப் பிறையாக இருக்கும். மேற்கே போகப் போக பிறை பார்ப்பது சுலபம்.

வானம் இவ்வளவுதான் சொல்லும். எந்தச் சாட்சியை ஏற்பது, எப்படி அறிவிப்பது என்பது ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி. நம் மாநிலத்தில் தலைமை காஜி அறிவிப்பார், அதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

"மெல்லிசா பிறை இருக்கும்போது மீதி நிலாவும் மங்கலா தெரியுதே, அது எப்படி?"

நல்ல கண். அது பூமியின் வெளிச்சம். சூரிய ஒளி பூமியில் பட்டுத் தெறித்து நிலாவின் இருட்டுப் பக்கத்தில் விழுகிறது, அதில் ஒரு பங்கு மறுபடி நம் கண்ணுக்கு வருகிறது. நமக்கு மூன்றாம் பிறையாக இருக்கும் நாளில் நிலாவில் நின்று பார்த்தால் பூமி கிட்டத்தட்ட முழு வட்டமாகத் தெரியும், அதனால்தான் அந்த நாட்களில் இந்த மங்கல் ஒளி நன்றாகத் தெரிகிறது. லியோனார்டோ டா வின்சி ஐநூறு வருடத்துக்கு முன்பே இதைச் சரியாக விளக்கி எழுதி வைத்திருக்கிறார்.

"சில மாசம் பிறை படகு மாதிரி இருக்கு, சில மாசம் சாஞ்சு நிக்குது. ஏன்?"

வெளிச்சமான பக்கம் சூரியனைப் பார்க்கும் என்று மேலே சொன்னதை இங்கே கொண்டுவாருங்கள். பிறை தெரியும் நேரத்தில் சூரியன் அப்போதுதான் மறைந்திருக்கும். அது நிலாவுக்கு நேர் கீழே இருந்தால் வெளிச்சம் அடிவயிற்றில் படும், படகு கிடைக்கும். பக்கவாட்டில் கீழே இருந்தால் சாய்ந்த பிறை.

நம் ஊர் இருப்பது பூமத்திய ரேகைக்கு 12 டிகிரி வடக்கே. தை மாசக் கடைசியிலிருந்து வைகாசி வரைக்கும் மாலையில் நிலாவின் பாதை அடிவானத்திலிருந்து ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது, அதனால் படகு. ஆவணி, புரட்டாசி, ஐப்பசியில் அதே பாதை தெற்குப் பக்கம் நன்றாகச் சாய்ந்துவிடும், சூரியன் மறைந்த இடத்துக்கு மேலே இடது பக்கமாகத் தள்ளி பிறை நிற்கும், வெளிச்சம் அதன் வலது கீழ் ஓரத்தில் இருக்கும். மாசியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று போன் கேமராவில் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

"காலண்டர்ல சந்திரோதயம் 8.52ன்னு போட்டிருக்கு, ஒன்பது மணி ஆகியும் நிலா வரல. விரதம் முடிக்கலாமா, வேணாமா?"

சங்கடஹர சதுர்த்திக்கு மாசா மாசம் வரும் கேள்வி. முதலில் அந்த நேரம் எந்த ஊருக்குப் போட்டது என்று பாருங்கள், பெரும்பாலும் சென்னைக்காக இருக்கும். சென்னையைவிட தருமபுரியும் கிருஷ்ணகிரியும் இரண்டு டிகிரிக்குச் சற்று அதிகமாக மேற்கே இருக்கின்றன. டிகிரிக்கு 4 நிமிடம், ஆக இங்கே எட்டு நிமிடம் தாமதம். ஓசூருக்குப் பத்து நிமிடம்.

அடுத்தது மலை. பஞ்சாங்க நேரம் என்பது மறைப்பே இல்லாத தட்டையான அடிவானத்துக்குப் போட்ட கணக்கு, நம் இரண்டு மாவட்டத்தில் அப்படி ஓர் அடிவானத்தை எங்கே தேடுவது. கையை முழுக்க நீட்டி, சுண்டுவிரலைக் குறுக்கே பிடித்தால் அதன் அகலம் சுமார் 1 டிகிரி, நடு மூன்று விரல் சேர்ந்தால் சுமார் 5 டிகிரி. கிழக்கே இருக்கும் மலை மூன்று விரல் உயரத்துக்கு மறைக்கிறது என்றால் நிலா தலை காட்ட இன்னும் 20 நிமிடம் ஆகும். சித்தேரி மலை கிழக்கே நிற்கிற பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் சேர்க்க வேண்டும். விரதத்தைக் கணக்கு நேரத்துக்கு முடிப்பதா, கண்ணில் பட்ட பிறகு முடிப்பதா என்பது உங்கள் வீட்டு வழக்கம். எங்கள் வீட்டில் மேகம் வந்துவிட்டால் எட்டு நிமிடம் கூட்டிக்கொண்டு இலை போட்டுவிடுவார்கள்.

சதுர்த்திக்கு ஏன் எப்போதும் எட்டரை, ஒன்பதரை என்று வருகிறது என்றால், பௌர்ணமிக்கு ஆறு மணி, அதிலிருந்து மூன்று நான்கு நாளைக்கு 50 நிமிடம் கூட்டிப் பாருங்கள், வந்துவிடும்.

"ஒரு நாளைக்கு சந்திரோதயமே இல்லைன்னு போட்டிருக்கு. அச்சுப் பிழையா?"

பிழை இல்லை. தேய்பிறை அஷ்டமி வாக்கில் இது நடக்கும். திங்கட்கிழமை ராத்திரி 11.40க்கு நிலா உதிக்கிறது என்று வையுங்கள். அடுத்த உதயம் 50 நிமிடம் தள்ளி வர வேண்டும், அதாவது செவ்வாய் ராத்திரி 12.30. ஆனால் பன்னிரண்டு தாண்டியதும் கடிகாரக் கணக்கில் புதன் பிறந்துவிடுகிறது. ஆக செவ்வாய்க்கிழமை என்ற கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. இதே மாதிரி வளர்பிறை அஷ்டமி வாக்கில் ஒரு நாளுக்கு மறைவு நேரம் இருக்காது.

"கார்த்திகை, மார்கழியில ராகிக் கொல்லைக்கு பரண்ல காவல் இருக்கோம். எந்த நாள் எவ்வளவு நேரம் இருட்டா இருக்கும்னு சொல்லுங்க."

தளி, அஞ்செட்டிப் பக்கத்துக்காரர்களுக்கு இது பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. பௌர்ணமிக்கு முந்தைய நாலைந்து நாளில், இருட்டும்போதே நிலா மேலே இருக்கும், இருட்டு வருவது பின்னிரவில்தான்: வளர்பிறை ஏகாதசி நிலா கிட்டத்தட்ட விடிகாலை இரண்டரை, மூன்று மணிக்கு மறையும், அதற்குப் பிறகு கும்மிருட்டு. பௌர்ணமி கழிந்த பிறகு தலைகீழ், இருட்டு முன்னிரவில் வரும். பௌர்ணமி கழித்து மூன்றாம் நாள் எட்டரை வரைக்கும், ஐந்தாம் நாள் பத்து வரைக்கும், அஷ்டமியன்று நடுராத்திரி வரைக்கும். காவலுக்கு ஆள் மாற்றுவதென்றால் இதை வைத்துத் திட்டம் போடலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரை நிலா என்றால் பௌர்ணமியின் பாதி வெளிச்சம் கிடைக்கும் என்று நினைப்பீர்கள். கிடைக்காது, பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். பௌர்ணமியன்று சூரியன் நமக்கு நேர் பின்னாலிருந்து அடிப்பதால் நிலாவின் மேடு பள்ளங்களின் நிழல் நமக்குத் தெரியாமல் மறைந்துவிடுகிறது, தரை முழுக்க மினுங்குகிறது. அஷ்டமியன்று வெயில் பக்கவாட்டில் விழுகிறது, எல்லாக் குழிக்குள்ளும் நிழல். அதனால் அஷ்டமி நிலாவை நம்பி வரப்பில் இறங்காதீர்கள், பேட்டரி லைட் இருக்கட்டும். (டெலஸ்கோப்பில் பார்க்க மட்டும் அஷ்டமிதான் அருமை, நிழல் இருப்பதால் குழி குழியாகத் தெரியும், பௌர்ணமி நிலா வெறும் தட்டு.)

"கிரிவலத்துக்குப் போறோம். பௌர்ணமி சனிக்கிழமை மத்தியானம் ஆரம்பிச்சு ஞாயிறு மத்தியானம் முடியுதாம். அப்ப எந்த ராத்திரி பௌர்ணமி?"

ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்கு வண்டி பேசும் முன் எல்லோரும் குழம்பும் இடம். பௌர்ணமி என்பது உண்மையில் ஒரு ராத்திரி இல்லை, ஒரு கணம்: சூரியனுக்கு நேர் எதிரே, 180 டிகிரியில் நிலா வந்து நிற்கும் கணம். அது பகலிலும் வரலாம். 2026 மே 31 ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துக்கொள்ளுங்கள், திருக்கணிதப் பஞ்சாங்கப்படி அந்தக் கணம் மதியம் 2.15 வாக்கில். அந்த நேரத்தில் நிலா நம் வானத்திலேயே இல்லை, காலையிலேயே மறைந்துவிட்டது.

திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே 12 டிகிரி விலக வேண்டிய காலம். பௌர்ணமித் திதி 168 டிகிரியில் தொடங்கி 180இல் முடிகிறது. அதனால் மேலே சொன்ன உதாரணத்தில் திதி இருக்கும் ராத்திரி சனிக்கிழமை ராத்திரி. கண்ணுக்குச் சனிக்கிழமை நிலாவும் ஞாயிற்றுக்கிழமை நிலாவும் ஒரே மாதிரி முழுசாகத்தான் தெரியும், யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது. கோயில் கணக்குக்குத் திதி பாருங்கள், வெளிச்சத்துக்கு மட்டும் என்றால் எந்த ராத்திரியும் சரி, ஞாயிறு கூட்டமும் குறைவாக இருக்கும்.

"திதி சில நாள் 20 மணி நேரத்துலயே முடியுது, சில நாள் 26 மணி நேரம் இழுக்குது. ரெண்டு பஞ்சாங்கம் ரெண்டு நேரம் வேற போடுது."

நிலா சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை. பூமிக்குக் கிட்டே வரும்போது வேகமாக ஓடும், தூரப் போகும்போது மெதுவாக நகரும். வேகமாக ஓடும் நாளில் 12 டிகிரியைச் சீக்கிரம் தாண்டிவிடும், அவ்வளவுதான். இரண்டு பஞ்சாங்கம் மாறுவது வேறு காரணம்: வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாய்பாட்டு முறையில் கணிப்பது, திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளை வைத்துக் கணிப்பது. சில நாள் இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். கிரகணத்தைக் கடிகாரம் வைத்துப் பார்ப்பவன் என்ற முறையில் என் கட்சி திருக்கணிதம்.

"உதிக்கும்போது அவ்ளோ பெருசா இருக்கு, மேல போனா சுருங்கிடுது. கிட்ட வந்துட்டுப் போகுதா?"

சுருங்கவில்லை, மூளை செய்கிற வேலை அது. உதிக்கும் நிலாவைச் சுண்டுவிரல் நுனியால் மறைத்துப் பாருங்கள், உச்சிக்குப் போனதும் அதே மாதிரி மறைத்துப் பாருங்கள், இரண்டு தடவையும் ஒரே அளவுதான். இன்னும் சொன்னால் உதிக்கும்போதுதான் நிலா நமக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் அதிகத் தூரத்தில் இருக்கிறது, உச்சிக்கு வரும்போது பூமியின் ஆரம் அளவுக்குக் கிட்டே வந்துவிடுகிறது.

சிவப்பாக இருப்பது மட்டும் நிஜம். அடிவானத்து ஒளி அதிகக் காற்றையும் தூசியையும் தாண்டி வர வேண்டும், நீலம் சிதறிப்போய் சிவப்பும் மஞ்சளும் மிஞ்சுகிறது.

"சூப்பர் மூன்னு டிவியில காட்டுறாங்களே, அது?"

நிலாவின் தூரம் சுமார் 3,56,500 கிலோமீட்டரிலிருந்து 4,06,700 கிலோமீட்டர் வரைக்கும் மாறும். கிட்டே இருக்கும்போது பௌர்ணமி வந்தால் அந்தப் பெயர். 14 சதவீதம் பெரியது என்பது வருடத்தின் மிகச் சின்னப் பௌர்ணமியோடு ஒப்பிட்டால்தான், சாதாரணப் பௌர்ணமியோடு ஒப்பிட்டால் அதில் பாதி. மேலே சொன்ன 2026 மே 31 நிலா எதிர்க்கட்சி, அந்த வருடத்திலேயே சின்னது. பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு நிலா இல்லாததால் வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

"சாயங்காலம் நிமிர்ந்து இருந்த முயல், விடிகாலையில தலைகீழா தொங்குது சார். நிலா சுத்துதா?"

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டது. பெரியவர்கள் யாரும் இதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. நிலா புரளவில்லை, நீங்கள்தான் திரும்பினீர்கள். உதிக்கும்போது கிழக்கே பார்த்து நிற்கிறீர்கள், மறையும்போது மேற்கே பார்த்து நிற்கிறீர்கள். உதிக்கும்போது எந்த ஓரம் முதலில் எட்டிப் பார்த்ததோ, மறையும்போது அதே ஓரம்தான் முதலில் கீழே போகும். அதாவது மேலே இருந்தது கீழே வந்துவிட்டது. நம் பக்கம் நிலா ஏறக்குறைய தலைக்கு மேலேயே போவதால் இது பளிச்சென்று தெரிகிறது, லண்டன்காரர்களுக்கு இவ்வளவு புரளாது.

"கார்த்திகை தீபத்து நிலா நேர் தலைக்கு மேல நிக்குது, ஆனி மாச நிலா மட்டும் தெக்கால சரிஞ்சே போகுதே?"

மறுபடியும் சூரியன் எங்கே என்று கேளுங்கள். பௌர்ணமி நிலா சூரியனுக்கு எதிர்ப்பக்கம். கார்த்திகை, மார்கழியில் சூரியன் தெற்கே போயிருக்கும், ஆக நிலா வடக்கே. கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கும் அந்த நிலா நமக்கு உச்சியையும் தாண்டி வடக்கே கொஞ்சம் சாய்ந்தே போகிறது. ஆனியில் சூரியன் வடக்கே, நிலா தெற்கே, உச்சிக்கே வராது. உதிக்கும் இடமும் அதே மாதிரி மாறும், தீபத்தன்று கிழக்குக்கு வடக்கே தள்ளியும் ஆனியில் தெற்கே தள்ளியும் உதிக்கும். மாடியில் அதே தென்னைமரத்துக்குப் பின்னால் போய் நிலாவைத் தேடாதீர்கள்.

நிலாவின் பாதை சூரியன் பாதையோடு 5 டிகிரி சாய்ந்திருப்பதால் இந்த வடக்கு தெற்கு ஆட்டம் 18.6 வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும். 2024, 2025 வாக்கில் அது உச்சத்தில் இருந்தது.

"அந்த 5 டிகிரியாலதான் மாசா மாசம் கிரகணம் வரதில்லையா?"

ஆமாம். பெரும்பாலான பௌர்ணமியில் நிலா பூமியின் நிழலுக்கு மேலேயோ கீழேயோ நழுவிப் போய்விடும். இரண்டு பாதையும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குப் பக்கத்தில் பௌர்ணமி வந்தால் மட்டும் மாட்டும். 2025 செப்டம்பர் 7 ராத்திரி அப்படித்தான் மாட்டியது, 11 மணியிலிருந்து 12.22 வரைக்கும் முழு மறைப்பு.

"நிலாவுக்கு 27 நட்சத்திரம், ஒரு நாளைக்கு ஒண்ணு. அப்ப 27 நாள்ல பௌர்ணமி வரணும். ஏன் இருபத்தொன்பதரை?"

27.3 நாளில் நிலா அதே நட்சத்திரத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறது, அது சரி. ஆனால் பௌர்ணமிக்கு நட்சத்திரம் முக்கியமில்லை, சூரியனுக்கு எதிரே வர வேண்டும். அந்த 27 நாளில் சூரியனும் கிட்டத்தட்ட இரண்டு நட்சத்திர தூரம் தள்ளிப் போயிருக்கும். அதைப் பிடிக்க நிலாவுக்கு இன்னும் இரண்டு நாளுக்கு மேல் வேண்டும், ஆக 29.5.

இது நம் திருவிழாக்களிலேயே இருக்கிறது. கார்த்திகைப் பௌர்ணமி கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி, மார்கழி திருவாதிரை, தை பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்திரை மாசம் சித்திரை நட்சத்திரம், வைகாசி விசாகம். ஒவ்வொரு மாசமும் பௌர்ணமி நிலா இரண்டு மூன்று நட்சத்திரம் தள்ளித் தள்ளி நிற்பதைத்தான் வரிசையாகக் கொண்டாடிக்கொண்டிருக்கிறோம்.

"வளர்பிறையில விதைச்சாதான் நல்லா வரும்ங்கறாங்களே?"

பௌர்ணமி வெளிச்சமே வெயிலில் சுமார் நாலு லட்சத்தில் ஒரு பங்குதான், அதை நம்பி எந்தப் பயிரும் வளரப் போவதில்லை. ஈரம் இருக்கும்போது விதையுங்கள்.

"காவலூர் பெரிய டெலஸ்கோப்ல நிலாவை எவ்ளோ பெருசா பார்ப்பாங்க?"

ஜவ்வாது மலையில் ஆலங்காயம் பக்கம் இருக்கும் வைணு பாப்பு வான் ஆய்வகம் ஊத்தங்கரைக்காரர்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே உள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி மங்கலான, தொலைவான பொருள்களுக்காகக் கட்டியது. அப்படிப்பட்ட வேலைக்கு நிலா இடைஞ்சல், வானம் முழுக்க வெளுத்துவிடும், அமாவாசையை ஒட்டிய இருட்டு ராத்திரிகள்தான் வேண்டும்.

"சந்திரயான் இறங்கினப்ப ஏன் 14 நாள்தான் வேலை செய்யும்னாங்க?"

நமக்கு ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை 29.5 நாள் என்பதுதான் நிலாவில் ஒரு முழு நாளின் நீளம். ஆக பகல் ரெண்டு வாரம், ராத்திரி ரெண்டு வாரம். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு விக்ரம் இறங்கியபோது நமக்கு வளர்பிறை அஷ்டமிக்கு முந்தைய நாள் மாதிரி, நம் வானத்தில் கிட்டத்தட்ட அரை நிலா. பிறையின் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே உள்ள கோடு இருக்கிறதே, அந்தக் கோட்டில்தான் அங்கே விடிந்துகொண்டிருக்கும். விக்ரம் இறங்கிய இடத்தை அந்தக் கோடு ஓரிரு நாள் முன்புதான் தாண்டியிருந்தது. காலையில் இறக்கினால்தான் பகல் முழுக்க சோலார் பலகைக்கு வெயில் கிடைக்கும். செப்டம்பர் 4ஆம் தேதி பொழுது சாயும் முன் உறங்க வைத்தார்கள், மறுபடி விடிந்தபோது எழவில்லை.

"அப்ப நிலாவுல நின்னா பூமி உதிக்கறதைப் பார்க்கலாமா?"

பார்க்க முடியாது, ஏறக்குறைய. நிலா எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதால் (ஒரு தடவை பூமியைச் சுற்றவும் ஒரு தடவை தன்னைத்தானே சுற்றவும் அதற்கு ஒரே நேரம்), அங்கே நிற்பவருக்குப் பூமி வானத்தில் ஒரே இடத்தில் நின்றபடி இருக்கும், உதிக்காது, மறையாது. நிலா லேசாக ஆடுவதால் ஓரத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் அடிவானத்தில் கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனால் பூமிக்கும் பிறை உண்டு, நமக்கு நேர் எதிராக: நமக்குப் பௌர்ணமி என்றால் அங்கே பூமி அமாவாசை.

1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 பயணிகள் எடுத்த, பூமி உதிக்கிற அந்தப் பிரபலமான படம் எப்படி வந்தது என்று உடனே கேட்பீர்கள். அவர்கள் தரையில் நிற்கவில்லை, நிலாவைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தார்கள். பின்பக்கத்திலிருந்து கலம் திரும்பி வந்ததால் பூமி மேலே ஏறுகிற மாதிரி தெரிந்தது.